உசாத்துணை: ‘ரெஃபரன்ஸ்’ என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும் பிள்ளைகள் “ரெஃபரன்ஸ் எல்லாம் போட்டாச்சா?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அவர்களின் கட்டுரையைக் கடைசிப் பக்கத்தில் திறந்தால் ‘உசாத்துணை நூல்கள்’ என்ற தலைப்பு இருக்கும். இலங்கைத் தமிழில் இச்சொல் நன்றாக ஊன்றிய சொல். நூலகங்களில் இரவல் தராத நூல்கள் இருக்கும் பகுதிக்கும் உசாத்துணைப் பகுதி என்றே பெயர்.

ரெஃபரன்ஸ், ‘திரும்பக் கொண்டுசெல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. படிப்பவரை மூலத்திடம் திரும்ப அழைத்துப் போவது என்று கொள்ளலாம். தமிழில் உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். உசாத்துணை என்பது முதலில் ஆளைக் குறித்த சொல்: கலந்து பேசத் துணையாக இருப்பவர். நூலுக்கு அது பிற்பாடுதான் ஆகிவந்தது. மேற்கோள் என்றால் எடுத்துக்காட்டும் வரி; ஆதாரம் என்றால் சான்று. இவ்விரண்டையும் ரெஃபரன்ஸுக்குப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

அப்புறம், இவற்றை ஒழுங்காக வைத்திருக்க உதவும் ‘ரெஃபரன்ஸ் மனேஜர்’. தமிழகத்தார் மேலாண்மை என்பதை நாம் முகாமைத்துவம் என்கிறோம்; ஆகவே உசாத்துணை முகாமை மென்பொருள் என்பது இங்கே இயல்பாகப் பொருந்தும். ஸொட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் ஆகியவை இவ்வகை. 2006இல் வெளிவந்த ஸொட்டெரோ இலவசம். அதன் பெயர், ஒன்றைக் கற்றுத் தன்வசமாக்குதல் என்ற பொருளுடைய அல்பேனியச் சொல்லிலிருந்து எடுத்தது.

ஓர் உதாரணத்துக்கு, இலங்கை மலையகத் தோட்டங்களில் முன்பு இருந்த துண்டு முறையைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளரைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். அது மறுபடி தொழிலாளர் தலையில்தான் ஏறும். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதற்கான செய்தி சுவடிக்கூடத்து நிர்வாக அறிக்கையில் கொஞ்சம் இருக்கும். ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் உள்ள பழைய இதழில் கொஞ்சம் இருக்கும். தன் தாத்தா சொன்னதாக லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு அம்மாயி சொன்னதில் கொஞ்சம் இருக்கும். மென்பொருளில் மூன்றையும் தனித்தனிப் பதிவாக்கி, குறிப்பை அந்தந்தப் பதிவின் கீழேயே எழுத வேண்டும். பக்க எண்ணை அப்போதே போட்டுவிடுங்கள். தனி வேர்ட் கோப்பில் குவித்த குறிப்பு, எங்கிருந்து வந்தது என்பதை ஆறு மாதத்தில் இழந்துவிடும். ஒரே பதிவைப் பல தொகுப்புகளில் போடலாம், நகல் பெருகாது.

பெயர்களில்தான் நமக்குச் சிக்கல் அதிகம். மென்பொருள் முதற்பெயரும் குடும்பப்பெயரும் கேட்கும். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் என்பதில் ‘கோ’ தகப்பனார் பெயரின் முதலெழுத்து. குடும்பப்பெயர் என்று அங்கே ஒன்றுமில்லை. ஸொட்டெரோவில் பெயர்க் கட்டத்தை ஒற்றையாக மாற்றி, முழுப்பெயரையும் அப்படியே எழுதலாம். அவர் பெயரையே நடேசையர், நடேச ஐயர் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். அச்சில் உள்ளதைப் பதிவில் மாற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குறிச்சொல்லைக் கொடுத்தால் தேடும்போது சேர்ந்து வரும். தோட்டங்களுக்கும் இப்படித்தான்: அதிகாரப் பெயர் ஒன்று, நம் சனம் வழங்கும் பெயர் இன்னொன்று. இரண்டையும் குறிச்சொல்லாக்குங்கள்.

மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அறிக்கைக்கும் புத்தகத்துக்கும் பதிவு போட்டுவிட்டு, அம்மாயி சொன்னதை மட்டும் ‘கள ஆய்வு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைப் பார்க்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. உசாத்துணை என்ற சொல்லின் முதற்பொருளுக்கு உரியவரே அவர்தான். ஸொட்டெரோவில் நேர்காணலுக்கென்று தனிப் பதிவு வகை உண்டு. பேசியவர், பேட்டி கண்டவர், நாள் ஆகியவற்றை அதில் நிரப்புங்கள்; இடத்தைக் குறிப்பில் எழுதுங்கள். பெயர் வெளிவர அவர் விரும்பாவிட்டால் மாற்றுப் பெயர் ஒன்றைக் கொடுத்து, உண்மைப் பெயரை இணையத்துக்குப் போகாத தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.