வெள்ளத்தை நிதானமாக அனுப்பும் மண் அணை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கார்டெல் ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் என்றொரு ஓடை. வாஷிடா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1948இல் அங்கே ஒரு சிறிய மண் அணை எழுந்தது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் இந்த வகை அணைகள் 2,100க்கும் மேல் இருக்கின்றன.

அணை என்றதும் நிறைந்த நீர்தான் நினைவுக்கு வரும். இந்த அணையோ பெரும்பகுதி காலியாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மழைக்கு இடம் இருக்கும்.

கரையை ஒட்டி நீருக்குள் ஒரு கான்கிரீட் கோபுரம் நிற்கிறது. தண்ணீர் அதன் வாயை எட்டியதும் உள்ளே விழுந்து, அணைக்கு அடியில் போகும் குழாய் வழியாக மறுபக்கம் வெளியேறும். குழாய் சிறியது. சில மணி நேரத்தில் பாய்ந்து வந்த வெள்ளம் பல நாள் எடுத்துக்கொண்டு வடியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் யாரும் ஓடிவந்து ஷட்டரைத் திறக்க வேண்டியதில்லை. இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கோபுர வாய்க்குக் கீழே எப்போதும் நிற்கும் நீரில் வண்டல் படியும்.

சரி, கணக்கை மீறி மழை பெய்தால்? அணையின் ஓரத்தில் புல் வளர்ந்த அகலமான ஒரு வழி உண்டு. நம் ஏரிகளில் மிஞ்சிய நீரை வெளியேற்றும் கலிங்கு செய்கிற வேலைதான் அதற்கும். அது இல்லாமல் தண்ணீர் மண் கரையின் தலைக்கு மேல் வழிந்தால் பின்சரிவை அரித்துக்கொண்டே போய் கரையையே உடைத்துவிடும்.

அப்புறம், கசியாத மண் அணை கிடையாது. நடுவில் களிமண்ணைச் சரியான ஈரத்தில் அடுக்கடுக்காகப் போட்டு, உருளையால் இறுக்குவார்கள். காய்ந்திருந்தால் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழும். ஈரம் மிஞ்சினால் இறுகாது. அதையும் தாண்டி வரும் நீருக்காகக் கரையின் அடியில் மணலும் சரளையும் வைப்பார்கள். அவை நீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அணையைப் பார்வையிட வருகிறவர் குனிந்து கசிவின் நிறத்தைப் பார்ப்பார். தெளிவாக, அளவு கூடாமல் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து, கீழ்ப்பக்கத்திலிருந்து நீரை நோக்கி ஒரு துளை வளர்கிறது என்று அர்த்தம். மரம் பட்டுப்போய் வேர் மக்கினாலும் அப்படி வழி கிடைத்துவிடும். அதனால்தான் கரையில் புல் மட்டும்.

கட்டியபோது இந்த அணைகளுக்குக் கீழே பெரும்பாலும் வயல்களும் மேய்ச்சல் நிலமும்தான் இருந்தன. வெள்ளம் அடங்கிய பிறகு பல இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. வயலுக்குப் போதும் என்று போட்ட கணக்கு வீடுகளுக்குப் போதாது. அதனால் அப்படிப்பட்ட அணைகளில் கரையை உயர்த்தியும் கலிங்கை அகலப்படுத்தியும் வருகிறார்கள்.