மருந்தைக் கூட்டினால் இரத்தம் ஊறுமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆயா கேட்டிருக்கிறார்: "இரண்டு வயதுப் பேத்தி, பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டிக் காரையைத் தின்கிறாள். ஹீமோகுளோபின் 8.6 என்றார்கள். இரும்புச்சத்து சிரப்பை ஒரு வேளைக்குப் பதில் மூன்று வேளையும் கொடுத்தால் சீக்கிரம் இரத்தம் ஊறுமா?"

ஊறாது. அதன் காரணத்தைச் சொல்லுமுன், நோயறிதலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தால் இரும்புக் குறைவைச் சந்தேகிக்கிறோம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்னும் புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் உறுதி செய்கிறோம். காய்ச்சலோ தொற்றோ பெரிட்டினை ஏற்றிக் காட்டும் என்பதால், அப்போது 30க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கொள்ள வேண்டும். மண்ணும் காரையும் தின்னும் வேட்கை இந்தக் குறைவின் அடையாளங்களில் ஒன்று. அதைத் தோஷம் என்று சொல்லித் தாயத்துக் கட்டி, மூளை விரைந்து வளரும் மாதங்களை வீணாக்குவது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும், ஏனெனில் இரும்பு வற்றிய குடல் ஈயத்தையும் அதிகமாக உறிஞ்சும்.

இனி மருந்துக்கு வருவோம். மிகுதியாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழியே கிடையாது. சிறுநீரகமும் கல்லீரலும் அதற்கு உதவுவதில்லை. ஆகவே முழுக் கட்டுப்பாடும் உள்ளே வரும் இடத்திலேயே, சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் அமைந்திருக்கிறது. உணவிலுள்ள இரும்பு குடலின் உட்பரப்புச் செல்லுக்குள் நுழைந்துவிட்டாலும் இரத்தத்தை அடைந்துவிட்டதாகாது. செல்லின் மறுபுறத்திலுள்ள பெரோபோர்ட்டின் என்னும் புரதக் கதவைக் கடந்தாக வேண்டும். அந்தக் கதவை ஆள்வது, கல்லீரல் சுரக்கும், 25 அமினோ அமிலங்களே கொண்ட ஹெப்சிடின் என்னும் சிறு ஹார்மோன். இரும்பு போதுமென்று கல்லீரல் உணரும்போது ஹெப்சிடின் பெருகி, பெரோபோர்ட்டினைப் பற்றிச் செல்லுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுகிறது. கதவில்லாத செல்லில் அகப்பட்ட இரும்பு பெரிட்டினுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சில நாள்களே வாழும் அந்தச் செல் பிறகு உதிர்கிறது. அதனுடன் இரும்பும் மலத்தோடு போய்விடுகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது: கழிக்க வழியில்லாத உடல், வாயிலில் நிற்கும் செல்லையே உதிர்த்துக் கணக்கை நேர்செய்துகொள்கிறது.

இரும்பு குறைந்த உடலில் ஹெப்சிடின் தாழ்ந்து கதவுகள் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே நேரத்தில் மிகுதியாக இரும்பு வந்தால் ஹெப்சிடின் மறுபடி உயர்ந்துவிடுகிறது. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு எடுத்த இளம்பெண்களுக்கு ஹெப்சிடின் உயர்ந்து, மறுநாள் வேளையின் உறிஞ்சுதல் குறைந்ததை 2015இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்று காட்டியது. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஒரே அளவு இரும்பை நாளுக்கு ஒரு முறை கொடுத்தாலும் மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று கானாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு கண்டது. தொற்றும் ஹெப்சிடினை ஏற்றுவதால், கடும் காய்ச்சலின்போது கொடுக்கும் இரும்பு அதிகம் பயன்படுவதில்லை.

இந்த ஹார்மோனை இரத்தத்திலும் சிறுநீரிலும் கண்டெடுத்தவர்கள் சோகைக்கு மருந்து தேடியவர்கள் அல்லர். கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைத் தேடியவர்கள். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் வழக்கம் இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குப் பகையென்பது என் உறுதியான கருத்து. இரும்பு துருப்பிடிப்பதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைய, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தத் தாராளம் இன்றைய நிதி ஒதுக்கீட்டிலும் வேண்டும்.

மருத்துவர்கள் பரவலாகத் தரும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு (மருந்து உப்பில் அடங்கிய இரும்பு மட்டும்), நாளுக்கு ஒரு முறை. 10 கிலோ குழந்தைக்கு 30 மில்லிகிராம். சிரப் சீட்டில் உப்பின் எடையைப் பார்க்காமல் தனி இரும்பின் அளவைப் பார்த்து மில்லிலிட்டரைக் கணக்கிட வேண்டும். விலை கூடியது சிறந்தது என்றும் எண்ண வேண்டாம்: 2017இல் அமெரிக்காவில் 80 குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டில், மலிவான இரும்பு உப்பான பெரஸ் சல்பேட்டே இரும்பு-பாலிசாக்கரைடு கலவையைவிட ஹீமோகுளோபினைக் கூடுதலாக உயர்த்தியது. பாலோடும் தேநீரோடும் கொடுக்காமல் எலுமிச்சைச் சாற்றோடு கொடுப்பது நல்லது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைக் குறைக்க வேண்டும். நன்கு வெந்து மசித்த ஆட்டீரல் சிறிதளவு போதும். கவுனி அரிசியின் கருநிறம் ஆந்தோசயனின் நிறமியால் வருவது. அதை இரும்பென்று நம்பி மருந்தை நிறுத்திவிடக்கூடாது.

மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அளவை மீறுவது நஞ்சு. கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்பதால் பாட்டில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் உயர்ந்தால் மருந்து வேலை செய்கிறது; இயல்பு நிலைக்கு வந்த பிறகும், வற்றிய சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் உயரவில்லை என்றால் அளவைக் கூட்டிப் பார்க்காமல், குடற்புழுவும், பரம்பரை இரத்தக் குறைபாடான தலசீமியாவும் இருக்கிறதா என்று குழந்தைக்கும், தேவைப்பட்டால் பெற்றோருக்கும் பரிசோதிக்க வேண்டும்.