உள்ளே போய்க் கதவடைக்கும் மருந்து

“கர்ப்பப்பையை எடுக்கும்போது முழு மயக்கம் கொடுத்துவிட்டார்கள். பிறகு எதற்குத் தையல் போட்ட இடத்தில் மரத்துப்போக ஊசி?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான்.

மயக்க மருந்து மூளையைத்தான் உறங்க வைக்கிறது. கத்தி பட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அது ஓயாமல் வந்து மோதினால் அங்குள்ள நரம்பணுக்கள் கூருணர்வு பெற்றுவிடும். அதன்பின் லேசாகத் தொட்டாலே வலிக்கும். செய்தி கிளம்பும் இடத்திலேயே அதைத் தடுப்பதற்குத்தான் இந்த ஊசி.

நரம்பில் செய்தி ஓடுவது எப்படி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: சோடியம் வாயில்கள் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அடுத்த வாயில் திறக்கும். இந்த ஊசியில் இருக்கும் லிடோகெய்ன், பியூபிவகெய்ன் போன்ற மரத்துப்போக வைக்கும் மருந்துகள் அந்த வாயிலை அடைத்துவிடுகின்றன. இதில் எனக்குப் பிடித்த விஷயமே இனிமேல்தான் வருகிறது. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடம் வாயிலின் உள்பக்கம் இருக்கிறது. ஊசி போடுவதோ நரம்புக்கு வெளியே. நடுவில் கொழுப்பாலான சவ்வு. மின்னூட்டம் உள்ள மூலக்கூறு அதை எளிதில் தாண்டாது. உடலின் 7.4 பிஎச் அளவில் லிடோகெய்ன் மூலக்கூறுகளில் ஏறத்தாழ கால் பங்குதான் மின்னூட்டம் இல்லாமல் இருக்கும். அவை சவ்வுக்குள் நழுவி மறுபுறம் போய், அங்கே ஒரு புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெற்று, அந்தக் கோலத்தில் வாயிலை உள்ளிருந்து அடைக்கின்றன. திருடன் மாறுவேடத்தில் வீட்டுக்குள் புகுந்து, வேடத்தைக் கலைத்துவிட்டு உள்தாழ்ப்பாள் போடுவது மாதிரி!

சீழ் கட்டிய இடத்தில் இந்த ஊசி சரியாக வேலை செய்யாததற்குக் காரணமும் இதுவே. அங்கே அமிலத்தன்மை அதிகம். மாறுவேடம் போடும் மூலக்கூறுகள் குறைந்துவிடும். இன்னொன்று: திறந்திருக்கும் வாயிலுக்குள்தான் மருந்து சுலபமாக நுழையும். ஆகவே அதிகமாகத் துடிக்கும் நரம்பே அதிகமாக அடைபடும்.

ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் கோலர் 1884இல் கண் அறுவையில் மரத்துப்போகக் கொக்கெய்னைப் பயன்படுத்தியதில் தொடங்கிய கதை இது. லிடோகெய்ன் 1943இல் உருவாக்கப்பட்டது, பியூபிவகெய்ன் 1957இல். பெண்களுக்கான வயிற்று அறுவைகளில் காயத்தின் ஓரங்களிலேயே மருந்தைச் செலுத்தலாம்; அல்லது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, வயிற்றுச் சுவரின் உள் தசை அடுக்குகள் இரண்டுக்கும் நடுவே செலுத்தலாம். வயிற்றுச் சுவரின் நரம்புகள் அந்த இடைவெளி வழியாகத்தான் ஓடுகின்றன. பியூபிவகெய்ன் சில மணி நேரம் தாங்கும். மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணியின் தேவை குறைந்தால் குமட்டலும் குறையும், எழுந்து நடப்பதும் எளிதாகும். ஆனால் வயிற்றில் துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் துளைகள் சிறியவை என்பதால் பலன் அவ்வளவாகத் தெரிவதில்லை.

எடைக்கேற்ற அளவைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் ஆபத்து: உதடு மரமரக்கும், காது இரையும், வலிப்பு வரலாம், இதயமே நிற்கலாம். அப்போது கொடுக்கும் மாற்று மருந்து, ரத்தநாளத்தில் ஏற்றும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல். சவ்வைத் தாண்ட உதவிய அதே கொழுப்பு நாட்டத்தால் மருந்து அதில் ஒதுங்கிக்கொள்கிறது.

இவையெல்லாம் காப்புரிமை முடிந்த மலிவான மருந்துகள். மருந்து நிறுவனங்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. இவற்றை இன்னும் நன்றாகப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகள் அரசுப் பணத்தில்தான் நடந்தாக வேண்டும். “பொம்பளைன்னா வலியைப் பொறுத்துக்கணும்” என்ற பேச்சு மருத்துவமனை வார்டு வரைக்கும் வருவது எனக்கு எரிச்சலூட்டும் மூடநம்பிக்கை.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இடுப்புக்குழியின் ஆழத்திலிருந்து வரும் வலி வேறு நரம்புகளில் பயணிக்கிறது. வயிற்றுச் சுவரில் போட்ட ஊசி அதைத் தொடாது. அதனால்தான் பாராசிட்டமாலையும் நேரம் தவறாமல் தருகிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் வரும் தோள்வலியும் இப்படித்தான். வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து, தோளுக்கு உணர்வு தரும் நரம்புகளின் பக்கத்திலிருந்தே கிளம்புவதால், மூளை தோள்தான் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சில நாளில் அது தானாகவே அடங்கிவிடும்.