உக்கும் குப்பையும் பூஞ்சண வித்திகளும்: கொழும்பில் உங்கள் கடமை எது, உரிமை எது?

கொழும்பு மாநகர எல்லைக்குள் உக்கும் குப்பையை வேறாக்கித்தான் கொடுக்க வேண்டும். 2016 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. ஆனால் அந்தக் குப்பையை வீட்டிலேயே பசளையாக்குவது கட்டாயமல்ல, அது உங்கள் விருப்பம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆஸ்துமாக்காரரோ காசநோயிலிருந்து மீண்டவரோ பசளைப் பீப்பாவைக் கிளறப் போகக்கூடாது. கிளறும்போது பறக்கும் பூஞ்சண வித்திகள், அதாவது பூஞ்சணம் பரவுவதற்கு விடும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், அவர்களின் நுரையீரலைப் பாதிக்கலாம்.

குப்பையை அகற்றும் பொறுப்பு மாநகர சபையுடையது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு, வீட்டுக் குப்பை உரிய காலத்தில் அகற்றப்படுவதைச் சபையின் கடமையாக்குகிறது. சேகரித்த குப்பை சபைக்கே சொந்தம் என்கிறது அடுத்த பிரிவு. வேறாக்கி வைத்த குப்பையை லொறி ஏற்றாமல் போனால், திகதி, நேரம், வீதியின் பெயர் மூன்றையும் குறித்து நகர மண்டபத்தில் எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது.

வீட்டில் பசளை செய்வது நல்ல காரியம். 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. செய்கிறவர்களின் நுரையீரலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

பீப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பழைய சோற்றிலும் பாண் துண்டிலும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருப்பது பூஞ்சணம். காய்ந்த இலைகளில் சாம்பல் தூவியது போல வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அக்ரினோமைசீற் என்ற பக்ரீரியா. மழை பெய்த மண்ணின் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. குப்பை உக்குவதே இவற்றால்தான், ஆகவே இவை இருப்பது பிழையல்ல. காய்ந்த கலவையைக் கிளறும்போது புகை போல ஒரு தூசு எழும்புமே, வித்திகள் இருப்பது அதில்தான், ஆபத்தும் அதில்தான்.

பசளைக் குவியலில் சாதாரணமாக வளரும் அஸ்பெர்ஜிலஸ் ஃபியூமிகேற்றஸ் என்ற பூஞ்சணத்தின் வித்தி 2 முதல் 3 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். மூக்கும் தொண்டையும் தடுக்காமல் நுரையீரலின் காற்றறை வரை அது போய்விடும். மற்றப் பூஞ்சணங்கள் தாங்காத 50 பாகை செல்சியஸ் சூட்டிலும் இது வளரும். பெரிய குவியலின் நடுப்பகுதி 60 பாகையைத் தாண்டும்போது அங்கே இது அழியும், ஆனால் ஆறிய வெளிப்புறத்தில் தப்பியிருக்கும். வீட்டுப் பீப்பா அவ்வளவு சூடாவது அரிது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சணங்களின் பட்டியலில், மிக முக்கியமான பிரிவில் உள்ள நான்கில் இதுவும் ஒன்று.

சுகதேகிகள் நாளாந்தம் இந்த வித்திகளைச் சுவாசித்தும் பாதிக்கப்படுவதில்லை. கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு: ஆஸ்துமா உள்ளவர்கள், காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்கள், ஸ்டீரொயிட் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை செய்தவர்கள். இவர்கள் பீப்பாவைத் திறக்கவே வேண்டாம். வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் உக்கும் குப்பையை மாநகர சபை லொறியிலேயே கொடுத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்குத் தண்ணீரே முதற் பாதுகாப்பு. கிளறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூவாளியால் நனைத்து விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் சொட்ட வேண்டும். ஒன்றுமே சொட்டாவிட்டால் தூசு பறக்கும். ஒழுகினால் காற்றில்லாமல் அழுகி நாறும், புழு வைக்கும். அப்போது காய்ந்த இலையோ தும்புத்தூளோ சேர்த்துக் கிளற வேண்டும். ஒரு பங்கு சமையற் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த பொருள் என்பது கைக்கணக்கு. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் பீப்பா காய்ந்து கிடக்கும், அந்த மாதங்களில்தான் தூசு அதிகம்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச நில்லுங்கள். முகத்தைப் பீப்பாவுக்குள் நீட்டாதீர்கள். துணி முகக்கவசம் இந்த வித்தியைத் தடுக்காது, என்95 வேண்டும். அதுவும் கன்னத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன், தாடிக்கு மேல் போட்டால் ஓரத்தால் காற்று புகுந்துவிடும். அதிக தூசு எழும்புவது முடிந்த பசளையை அரிதட்டில் அரிக்கும்போதுதான், எனவே ஈரமாகவே அரியுங்கள். தொடர்மாடி பல்கனியில், அதுவும் படுக்கையறை யன்னலுக்குக் கீழே, பீப்பா வைப்பது சரியான இடமல்ல. மூடியின் மேல் மழைத்தண்ணீர் தேங்கினால் இன்னொரு பிரச்சினை: நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

அயலிலுள்ள பசளை முற்றத்திலிருந்து தூசு வருகிறதா? முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். "மணக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை மணிக்குக் கிளறுகிறார்கள், காற்று எந்தப் பக்கம் வீசியது, வீட்டில் யாருக்கு எப்போது இருமல் வந்தது என்று இரண்டு கிழமை குறித்து வைத்துக் கொடுத்தால் அதற்குப் பெறுமதி உண்டு. அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, நிபந்தனைகள் என்ன என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எதுவும் நடக்காவிட்டால், பொதுத் தொல்லையை நிறுத்தக் கட்டளையிடும் அதிகாரம் குற்றவியல் நடபடிக்கோவையின் 98 ஆம் பிரிவில் நீதவானுக்கு உண்டு. தூரத்துக்கு ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் திறந்த பசளை முற்றத்திலிருந்து 250 மீற்றருக்குள் வீடு இருந்தால் வித்திகளின் ஆபத்தைத் தனியாக மதிப்பிட வேண்டும்.

பசளை முற்றத்தில் கூலிக்கு நிற்பவர்களே அதிகம் சுவாசிக்கிறார்கள். வேலை முடிந்து 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்து ஓரிரு நாளில் தணியும். லீவு நாட்களில் சுகம், திரும்ப வேலைக்குப் போனால் அதே கதை. இது அதியுணர்வு நுரையீரல் அழற்சியாக, அதாவது சுவாசித்த தூசுக்கு உடல் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதால் நுரையீரலில் வரும் அழற்சியாக, இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறும். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவுக்கு இரத்தப் பரிசோதனை செய்வது சரிதான், ஆனால் அது இல்லையென்றானதும் அதோடு விட்டுவிடாதீர்கள். "பசளை கிளறுகிற வேலை" என்று வைத்தியரிடம் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். வெலிசறை சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கிளினிக் கொப்பியில் தொழிலையும், அறிகுறி தொடங்கிய திகதியையும் எழுதச் சொல்லுங்கள். பின்னர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கை வைக்க நேர்ந்தால், நோய்க்கும் வேலைக்கும் தொடர்பைக் காட்ட அந்த இரண்டு வரியும் தேவைப்படும்.