கெபாசிட்டி: கொள்ளளவா, கொள்திறனா?

வட்டார ரயில் சேவையை விரிவாக்கப்போவதாக எந்த அரசு அறிவித்தாலும் அதில் தவறாமல் வந்து நிற்கும் சொல் ‘கெபாசிட்டி’. தமிழ்ச் செய்தியில் அது பெரும்பாலும் ‘கொள்ளளவு’ ஆகிவிடுகிறது. தப்பான சொல் இல்லை. ஆனால் அணைக்கும் அதே சொல், தண்ணீர்த் தொட்டிக்கும் அதே சொல், தண்டவாளத்துக்கும் அதே சொல் என்று ஆகும்போதுதான் இடிக்கிறது.

முதலில் பிறப்பைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்துக்கு இது 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. வேர், லத்தீன் மொழியின் ‘காபெரே’. எடு, பிடி, பற்று என்று பொருள். அதிலிருந்து ‘காபாக்ஸ்’, அதாவது நிறையப் பிடிக்கக்கூடியது. அந்தத் தன்மையைக் குறிக்கும் பெயர்ச்சொல்தான் நம் கெபாசிட்டி.

தமிழில் இதற்கு அச்சு அசலான இணை உண்டு: ‘கொள்’. எடுத்தல், பற்றுதல், உள்ளே அடக்குதல் எல்லாமே அதற்கும் பொருள். “இந்தக் குடம் எவ்வளவு கொள்ளும்?” என்று கேட்கிறோம். மண்டபம் கொள்ளாத கூட்டம் என்கிறோம். ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. சிறைபிடித்தலைச் சொல்லும் ‘கேப்ச்சர்’ காபெரேயின் வழிவந்தது. நம் ‘கொள்’ளுக்கும் ‘கொள்ளை’ என்றொரு பிள்ளை இருக்கிறது. அரசின் ‘கொள்கை’யும் அதே வீட்டில் பிறந்ததுதான். அதற்காக அண்ணன் தம்பியைச் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

ஆக, ‘கொள்’ என்ற வேர் சரி. சிக்கல் ‘அளவு’ என்ற வாலில் இருக்கிறது. கொள்ளளவு என்றதும் ஒரு பாத்திரம் மனத்தில் வருகிறது: இவ்வளவு ஊற்றலாம், அதற்கு மேல் வழியும். ரயில் பெட்டிக்கு இது பொருந்தும். இத்தனை இருக்கை, நிற்பதற்கு இவ்வளவு இடம் என்று கணக்குப் போடலாம். நிற்பவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 4 பேர் என்று வைப்பது பல இடங்களில் உள்ள வழக்கம். தண்டவாளம் அப்படி இல்லை. அதில் எதுவும் தேங்குவதில்லை, ஓடுகிறது. அங்கே கேள்வி, ஒரு மணி நேரத்தில் எத்தனை ரயில்களை அனுப்ப முடியும் என்பது.

ஒரு ரயிலுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 3 நிமிட இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 ரயில்கள். இது காகிதக் கணக்கு. ஒன்று தாமதமானால் பின்னால் வருவதெல்லாம் வரிசையாகத் தாமதமாகும். அதனால்தான் சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் 2004 வழிகாட்டி, புறநகர் ரயில்கள் மட்டுமே ஓடும் பாதையில்கூட நெரிசல் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்றது. அப்படிப் பார்த்தால் 17 ரயில்கள்.

வட்டார ரயிலின் பாடு இன்னும் மோசம். வேக ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலும் பெரும்பாலும் ஒரே பாதையில் போகின்றன. ஒரு தூரத்தை வேக ரயில் 25 நிமிடத்திலும் மெதுவானது 40 நிமிடத்திலும் கடக்கிறதா? நடுவில் ஒதுங்க இடமில்லை என்றால், மெதுவான ரயில் கிளம்பி 18 நிமிடம் (15 நிமிட வித்தியாசம், அதோடு அந்த 3 நிமிட இடைவெளி) கழித்துத்தான் வேக ரயிலை விட முடியும். மெதுவானது போன பிறகு அந்த நேரம் முழுக்கக் கிளம்பும் இடத்தில் தண்டவாளம் காலி. பார்ப்பவருக்கு வெறும் பாதை. கால அட்டவணை போடுபவருக்கு நிரம்பிய பாதை. இதையெல்லாம் வைத்துத்தான் அதே வழிகாட்டி, கெபாசிட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, பாதையை எப்படிப் பயன்படுத்துகிறோமோ அதைப் பொறுத்ததே அது என்கிறது.

இதற்கு ஏற்ற சொல் ‘கொள்திறன்’. புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. மின்கலம் பற்றி எழுதுபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். ‘திறன்’ என்றதும் அது நிலையான அளவில்லை, செயலைப் பொறுத்து ஏறி இறங்குவது என்ற குறிப்பு வந்துவிடுகிறது. பெட்டிக்குக் கொள்ளளவு, பாதைக்குக் கொள்திறன் என்று பிரித்துக்கொண்டால் போதும். ‘கடத்துதிறன்’ என்றும் சொல்லிப் பார்க்கலாம்தான். மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் அதை முன்பே கொடுத்துவிட்டோம், தவிர ‘கடத்தல்’ என்றதும் வேறு நினைப்பு வரும்.

பிரித்துச் சொன்னால் அறிவிப்பும் தெளிவாகும். புதிய பெட்டிகள் சேர்த்தால் கூடுவது கொள்ளளவு. நடைமேடையும் அதற்கேற்ப நீள வேண்டும். சிக்னலை மாற்றினால், ஒற்றைப் பாதையை இரட்டையாக்கினால் கூடுவது கொள்திறன். இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறும் என்றும் இல்லை. இரண்டடுக்குப் பெட்டி விட்டால் இருக்கைகள் கூடும். ஆனால் மாடிப்படி இறங்கி, இருக்கும் சில கதவுகள் வழியாக எல்லோரும் வெளியேற நேரம் பிடிக்கும், நிலையத்தில் ரயில் கூடுதலாக நிற்கும், பின்னால் வருவது காத்திருக்கும். கொள்ளளவு ஏறி, கொள்திறன் இறங்கிவிடும்.