தழுவல்: சொல் விளக்கம்

அடாப்டேஷன் என்பது லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'ஆப்டஸ்' என்றால் பொருத்தமானது. 'அடாப்டாரே' என்றால் ஒன்றை இன்னொன்றுக்குப் பொருந்தச் செய்வது. உயிரியலில் இதைத் 'தகவமைப்பு' என்கிறோம். நாவல் படமாகும்போது மட்டும் அந்தச் சொல் ஒட்டாது. அங்கே வழங்குவது 'தழுவல்'.

தழுவுதல் என்றால் அணைத்தல். இலக்கணத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. 'கொற்றனும் வந்தான்' என்றால், அவனுக்கு முன்பே யாரோ வந்துவிட்டார் என்பது புரிகிறது. இந்த உம்மைக்கு 'இறந்தது தழீஇய எச்சவும்மை' என்று பெயர், அதாவது முன்பு நடந்ததைத் தழுவி நிற்கும் உம்மை. வந்திருப்பவன் கொற்றன்தான், முன்னே வந்தவர் அல்ல. ஆனாலும் அவர் வந்ததை அந்த ஒற்றை 'உம்' மறைக்காமல் காட்டிக்கொடுக்கிறது. தழுவல் படமும் அப்படிப்பட்ட ஒரு 'உம்'தான்.

மூலத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற வழக்கு தமிழுக்குப் புதிதல்ல. 'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி, அழியா மரபினது வழிநூல் ஆகும்' என்கிறது பழைய இலக்கண நூலான நன்னூல். முடிபு ஒத்திருக்க வேண்டும். இடையில் பின்னவன் தன் விருப்பப்படி வேறுபடலாம். ஒருபுறம் மட்டும் ஒத்து, மற்றபடி திரிந்து போனால் அது சார்புநூல். நூல் செய்யும் முறைகளையும் நன்னூல் நான்காகச் சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பை விட்டுவிடுவோம். மற்ற மூன்றும் மாயக்கதை (ஃபேண்டசி) படங்களை அளக்க அப்படியே உதவுகின்றன.

விரித்தலுக்கு 'தி ஹாபிட்'. 1937இல் வந்த ஒரே சிறு நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக இழுத்தார்கள். நாவலில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண்ணும் அப்படித்தான் உள்ளே வந்தாள். இழுத்தது தெரிகிறது என்பதே என் கட்சி.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தொகைவிரி: சிலதைச் சுருக்கி, சிலதை விரித்தது. நாவலில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் படத்தில் இல்லவே இல்லை. நாவலின் பின்னிணைப்பில் ஒதுங்கிக் கிடந்த, ஆர்வென் என்ற எல்ஃப் பெண்ணின் காதலோ படத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. காயப்பட்ட நாயகன் ஃப்ரோடோவுக்குத் தன் குதிரையைக் கொடுப்பவர் நாவலில் கிளார்ஃபிண்டல் என்ற எல்ஃப். படத்தில் ஆர்வெனே வந்து தூக்கிக்கொண்டு போகிறாள். பாம்படிலுக்காக ரசிகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். நான் நிற்கமாட்டேன், அவர் இல்லாமலும் கதை நகர்கிறது. எனக்குக் குறை வேறு. நாவலில் ஃப்ரோடோவின் இனமான ஹாபிட்கள் என்ற குள்ளர்கள் போர் முடித்து ஊர் திரும்பும்போது ஊரே சீரழிந்து கிடக்கும். இன்னொரு சண்டை போட்டுத்தான் அதை மீட்பார்கள். படத்தில் ஊர் விட்டுப்போன மாதிரியே பச்சைப்பசேலென்று இருக்கிறது. இந்த விகற்பம் முடிபையே உரசிப் பார்க்கிறது.

முடிபு முற்றிலும் மாறினால்? மிகயேல் எண்டே 1979இல் எழுதிய 'தி நெவரெண்டிங் ஸ்டோரி' நாவலின் பின்பாதியில், பாஸ்டியன் என்ற சிறுவன் ஆசைப்பட்டதெல்லாம் நடக்கும். ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவு பறிபோகும். 1984இல் வந்த படம் ஏறக்குறைய முன்பாதியோடு நின்று, அவனை டிராகன் மேல் ஏற்றி, தன்னைச் சீண்டிய பையன்களை விரட்ட அனுப்பிவிடுகிறது. ஆசைக்கு விலை உண்டு என்ற நாவல், ஆசைப்பட்டால் கிடைக்கும் என்ற படமானது. எண்டே கடுமையாக எதிர்த்தார். நன்னூலார் பார்த்திருந்தால் இதைச் சார்புநூல் வரிசையில் வைத்திருப்பார்.

இந்தச் சண்டை மாயக்கதையில் ஏன் இவ்வளவு சூடாகிறது? ஃபேண்டசி என்ற சொல்லின் கிரேக்க வேருக்கே 'கண்ணுக்குத் தெரியச் செய்தல்' என்று பொருள். (தமிழில் மிகைபுனைவு என்றும் கனவுருப்புனைவு என்றும் எழுதுகிறார்கள்.) எழுத்தில் அந்தத் தெரியச் செய்தலை வாசகர் பாதி செய்கிறார். டிராகனின் செதில் என்ன நிறம், மந்திரம் பலிக்கும்போது காற்று எப்படி அடிக்கும் என்பதை ஒவ்வொருவரும் தனக்குள் முடிவுசெய்து வைத்திருப்பார். திரை எல்லோருக்கும் சேர்த்து ஒரே முடிவை எடுக்கிறது. 1900இல் வெளிவந்த ஓஸ் மந்திரவாதி கதையில் டோரதியின் காலணி வெள்ளி. 1939 படத்தில் டெக்னிகலர் வண்ணத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று அதை மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். இன்று வெள்ளிக் காலணி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதே படம் ஓஸ் நாட்டையே டோரதியின் கனவாக்கிவிட்டது. நாவலிலோ அது உண்மையான நாடு. காலணியின் நிறத்தைவிட இது பெரிய மாற்றம் என்பேன்.

அக்கம்பக்கச் சொற்களோடு தழுவலைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். படத்திலிருந்து படம் எடுத்தால் மறுஆக்கம். குரலை மட்டும் வேறு மொழிக்கு மாற்றினால் மொழிமாற்றம். மூலத்தின் பெயரைச் சொல்லாமல் எடுத்தால் பேச்சுவழக்கில் 'சுட்டது', கொஞ்சம் உருமாற்றிச் சுட்டால் 'உல்டா'. திரைக்கதை விருதுகளில் நேரடிக் கதைக்கு ஒன்று, ஏற்கெனவே உள்ள படைப்பிலிருந்து எழுதியதற்கு ஒன்று என்று பிரிப்பார்கள். இரண்டாவதைத் 'தழுவல் திரைக்கதை' எனலாம்.

எழுதும்போது ஒரு சிறு கவனம்: தழுவு என்பது இரண்டாம் வேற்றுமையை ஏற்கும் வினை, அதோடு வல்லினமும் மிகும். 'நாவலில் இருந்து தழுவிய படம்' என்பது பிழை. 'நாவலைத் தழுவிய படம்' என்றே எழுத வேண்டும்.