ஏற்றிக்கட்டிய வண்டிக்கு எந்த முன் ஷாக்?

காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும், தார்ச் சாலையை விட்டு இறங்கினால் செம்பூரான் மண்தான். கோடையில் கல்லாய் இறுகும், ஐப்பசி மழையில் அதே இடம் சேறாகிப் பள்ளம் விழும். கண்மாய்க் கரையைத் தாண்டித் தோப்புக்குப் போகிறவர்கள் இசுசு வி-கிராஸையோ மஹிந்திரா தாரையோ வாங்கியதும் இரண்டு அங்குலம் ஏற்றிக்கட்ட நினைப்பது இயல்புதான். உயரத்தைக் கூட்டுவது அரை நாள் வேலை. அந்த உயரத்துக்குப் பொருந்தும் ஷாக்கை (ஷாக் அப்சார்பரை) பிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளின் மேல் வளையக்கூடிய மெல்லிய எஃகுத் தகடுகள். சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் மருந்து சுலபமாக வரும், வேகமாக அழுத்தினால் கட்டைவிரல் வலிக்கும். ஷாக்கும் அப்படித்தான்: சக்கரம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ, எதிர்ப்பும் அவ்வளவு கூடும். விழுங்கிய ஆற்றல் முழுவதும் சூடாக மாறும்.

எவ்வளவு சூடு? 2 டன் வண்டி 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் ஏறத்தாழ 2,000 ஜூல். நான்கு ஷாக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 500. ஒரு ஷாக்கில் 300 மில்லி எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பள்ளத்துக்கு அது சுமார் 1 டிகிரி சூடாகும். வரிசையாகப் பள்ளம் வந்தால், காற்று ஆற்றுவதற்குள் அடுத்த சூடு ஏறிவிடும். எண்ணெய் நீர்த்துப்போகும், நுரைக்கும். நுரை துளைக்குள் எதிர்ப்பில்லாமல் ஓடும். பத்து கிலோமீட்டர் ஒழுங்காக வந்த வண்டி அப்புறம் படகுபோல ஆடுவது இதனால்தான். ஒற்றைக்குழாய் ஷாக்கில் நைட்ரஜன் வாயுவைத் தனி மிதவைப் பிஸ்டன் எண்ணெயிலிருந்து பிரித்து, அழுத்தத்தில் வைத்திருக்கும், சுலபத்தில் நுரைக்காது. எண்ணெய்க் குழாயே வெளிக்காற்றைத் தொடுவதால் சீக்கிரம் ஆறவும் செய்யும். ஆனால் கல் பட்டு அந்தக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குழாய்க்குள் குழாய் இருக்கும் இரட்டைக்குழாய் அந்த அடியைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. தோப்புக்கும் கடைவீதிக்கும் போய்வர வாயு நிரப்பிய நல்ல இரட்டைக்குழாயே போதும் என்பது என் கணிப்பு.

சரி, உயரத்துக்கு வருவோம். மேற்சொன்ன வி-கிராஸிலும் 2020-ல் வந்த புதிய தாரிலும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கட்டாக இருக்கும். அதன் அடிமுனை, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரு கரங்களில் கீழ்க்கரத்தின் நடுப்பகுதியில் பிடித்திருப்பதால், ஷாக் ஓர் அங்குலம் நகர்ந்தால் சக்கரம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் நகரும். கடைக்காரர் ஓர் அங்குல ஸ்பேசரை (உயரம் கூட்டும் வளையத்தை) காட்டி “ரெண்டு இஞ்ச் ஏறும் சார்” என்பது பொய்யல்ல.

அந்த ஸ்பேசர் எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். கட்டின் தலைக்கு மேல் வைத்தால், சக்கரம் பழையதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகத் தொங்கும். மேல்கரம் ஸ்பிரிங்கில் உரசும், கரத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டின் கோணம் எல்லை மீறும், நாலு வீல் டிரைவ் வண்டியில் ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் மடிந்து கிழியும். பெரிய பள்ளத்தில் சக்கரம் மேலே வரும்போது, அதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முழுவதும் அமுங்கி உள்ளுக்குள் இடிக்கும். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் வைத்தாலோ, ஸ்பிரிங் உட்காரும் திருகு வளையமான காலரைத் திருகி ஏற்றினாலோ கதை வேறு. ஷாக் முழுதாக நீளும் அளவு மாறாது, வண்டி மட்டும் அந்த எல்லையை நெருங்கி நிற்கும். வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது ‘டக்’ என்று கேட்டால் அது இந்த வகை. காலரைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பார்கள். சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங்கில் உயரம்தான் கூடும், கடினம் கூடாது. பழைய தாரில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் கம்பியான டார்ஷன் பாரின் போல்ட்டைத் திருகுவதும் இதே கணக்குதான்.

ஆக, நிறத்தையும் பெயரையும் பார்ப்பதற்கு முன் டேப்பை எடுங்கள். வண்டியைச் சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, முன் ஸ்பிரிங்-ஷாக் கட்டைக் கழற்றி, கீழ்க்கரத்துக்கு ஜாக் முட்டுக் கொடுத்து மெல்ல இறக்க வேண்டும். பால் ஜாயின்ட்டோ ஆக்ஸிலோ எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்தி, ஷாக்கின் இரு முனைகள் மாட்டும் இடங்களுக்கு நடுவே அளந்தால், ஷாக் எவ்வளவு நீளலாம் என்ற உச்ச அளவு கிடைக்கும். பிறகு பம்ப் ஸ்டாப் நசுங்கும்வரை கரத்தை மேலே தூக்கி அளக்க வேண்டும். ஷாக்கின் மூடிய நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொருந்துவதே உங்கள் ஷாக். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் மேல்கரத்தையும் மாற்ற வேண்டிவரும். இல்லையென்றால் அலைன்மென்ட்டில் கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) கிடைக்காது, ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

முன்னால் இரும்பு பம்பர், வின்ச் என்று மாட்டியவர்களுக்குக் கடினமான ஸ்பிரிங் வேண்டும். கடின ஸ்பிரிங் திரும்பி உதைக்கும் வேகமும் கூடுதல் என்பதால், நீளும் திசையில் எதிர்ப்பு கூடிய ஷாக்கைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. செலவு செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது மெக்கானிக் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரம் தொங்கும் நிலையிலேயே கீழ்க்கரத்து போல்ட்டை முழுதாக முறுக்கிவிடுவார்கள். கரத்தின் மூட்டில் உள்ள புஷ்ஷின் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பூட்டப்பட்டு, வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் முறுகியே கிடந்து சில மாதத்தில் வெடிக்கும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.